மெழுகுதிரி ஏற்றாத வீடு

தேசிக்காய் மணம். ஆனால் எந்தத் தேசிக்காயிலும் இல்லாத மணம். கொழும்பில் ஒரு கந்தோரின் கழுவறையில் சுவரிலிருந்த சவர்க்காரப் பெட்டியை அழுத்தினேன். பச்சையாய் ஒரு துளி உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னால் நின்ற என்னை எங்கள் தீவு வந்து இழுத்துக்கொண்டு போனது. அவித்த நண்டின் ஆவி, அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே கொதிக்கும் காற்று, ஈரச் சீமெந்துத் தரையில் ஓட்டுக் குப்பை, கத்தி நுனிகள், பெண்களின் வாய்ச்சண்டை, எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் போலித் தேசிக்காய். கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். மணம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கொழும்பிலிருந்து வந்த கொம்பனி ஆட்கள் எங்களுக்குக் கொண்டுவந்த முதல் சாமான் அதுதான். பெரிய போத்தல்களில் கைகழுவும் திரவம். நண்டு மணம் போய்விடும் என்றார்கள். நண்டு உடைக்கும் எங்கள் பெண்கள் பணிவாகக் கைகழுவினார்கள். மறிச்சுக்கட்டியிலிருந்து தீவுக்கு வந்து எங்களோடு வேலை செய்த முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தா, தன் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னா:

“அல்லாட காவல், இப்ப தேசிக்காய் புளிஞ்ச நண்டுக்கறி மணக்குது. சோறு மட்டுந்தான் இல்லை.”

கொழும்பிலிருந்து வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான்தானே மொழிபெயர்ப்பவள். “மணம் நல்லாயிருக்கிறதாம்” என்று சொன்னேன். அவர்கள் மகிழ்ந்தார்கள்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தீவின் தெற்குக் கரையில், கோயிலுக்குப் பின்னால், மீனவர் கொட்டகையான பழைய வாடியொன்றில் பெண்களின் நண்டுச் சங்கம் நடந்தது. வள்ளங்கள் விடியலில் வரும். வலையிலிருந்து நண்டைக் கழற்றி, அவித்து, ஓடு உடைத்து, சதையைத் தனியாக எடுத்துக் கொடுப்பது இவர்களின் வேலை. அந்தச் சங்கத்தை உண்டாக்கியவள் என் மச்சாள், என் அண்ணனின் மனைவி. கத்தோலிக்கப் பெண்களையும் முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண்களையும் ஒரே மேசையில் இருத்தியவள். அதற்கு முன்னால் ஒரு பகுதியை மற்றப் பகுதி கடையில் கண்டால்தான் உண்டு.

சங்கத்துக்கு ஒரு குறைதான். குளிர் அறை இல்லை. சதை வாங்க வரும் வியாபாரி அதை நன்றாக அறிந்திருந்தான். காலையில் வரமாட்டான், வெயில் உச்சிக்கு ஏறட்டும் என்று தேத்தண்ணிக் கடையில் இருப்பான். சதை மணக்கத் தொடங்கும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து, மூக்கைச் சுருக்கி, விலை சொல்வான். அந்த மூக்குச் சுருக்கலுக்குத்தான் இருபது வீடுகளின் உலை காத்திருந்தது. மச்சாளின் கனவெல்லாம் அந்த ஒரு அறை. இரும்புக் கதவுள்ள, உள்ளே புகை போலக் குளிர் சுழலும் அறை. “அது வந்தால் அவன் எங்கட வாசலிலை நிண்டு கேப்பான், நாங்கள் உள்ளுக்கை இருந்து சொல்லுவம்” என்பாள்.

அப்போதுதான் கொம்பனி வந்தது. கொம்பனி என்றால் அதன் முதலாளிகள் அல்ல, ஊழியர்கள். மேசையும் குளிரூட்டியும் கொண்ட கட்டடத்தில் வேலை செய்கிற இளம் ஆட்கள், சம்பளத்தோடு விடுப்புத் தந்து, செம்மஞ்சள் நிறத்தில் ஒரே மாதிரி மேற்சட்டை போட்டு அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் காசு தரமாட்டார்கள், கைகழுவும் போத்தலைத் தவிரச் சாமானும் தரமாட்டார்கள். திறன் தருவார்கள். அதைத்தான் முதல்நாள் விளங்கப்படுத்தினார்கள். மீனைக் கொடுக்காதே, பிடிக்கக் கற்றுக்கொடு என்று ஒரு கதை சொன்னார்கள். கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்கள். அதை மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மச்சாள் எழும்பி நின்றாள்.

“ஒரு ஐஸ் அறை வேணும்.”

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அறையைத் தரமாட்டோம், அறையை வெல்லும் திறனைத் தருவோம் என்றார்கள்.

நியாயமாகச் சொன்னால், அவர்களில் ஒரு பொறியியல்காரன் வாடிக்குள் தண்ணீர் தேங்காமல் தரையைச் சரித்து ஒரு வாய்க்கால் வெட்டித் தந்தான். மண்வெட்டியைத் தானே பிடித்தான். கை பொக்களித்து நீர்கோத்தது. அந்த வாய்க்கால் இன்றைக்கும் ஓடுகிறது. அவனுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. வாய்க்காலைப் படம் பிடித்து யாருக்குக் காட்டுவது?

பரிசு கிடைத்தது வேறொருத்திக்கு. விளம்பரப் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை. ஒல்லியான, கண்ணாடி போட்ட, எதற்கும் முதலில் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை. நண்டு உடைக்கப் பழகுகிறேன் என்று மேசையில் இருந்தவள் முதல் நண்டிலேயே விரலைக் கிழித்துக்கொண்டாள். ராத்தா தன் முந்தானையால் விரலைச் சுற்றிக்கட்டி, “கொம்பனி உனக்குச் சம்பளம் தந்து எங்கட நண்டிட்டைக் கடி வாங்க அனுப்பியிருக்கு, புள்ள” என்றா. அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். எல்லோரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள். அவளை வெறுக்க முடிந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவள்தான் வழி சொன்னாள். கொழும்பில் ஒரு விழா நடக்கும். நாட்டின் பல பக்கங்களிலும் இந்தக் கொம்பனி ஆட்கள் கைகொடுத்த சங்கங்கள் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நடுவர்களின் மனதைத் தொடுகிற சங்கத்துக்கு அது கேட்கும் இயந்திரம் கிடைக்கும்.

“நண்டைப் பற்றிச் சொல்லுறதெண்டால் விடியுமட்டும் சொல்லுவன்” என்றாள் மச்சாள்.

நண்டு போதாதாம். மனிதக் கதை வேண்டுமாம்.

மனிதக் கதையை மேசையிலிருந்த இன்னொருத்திதான் மச்சாளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்: இவளின் மனுசனைக் காணவில்லை என்று. அந்தப் பிள்ளையின் கண்கள் கண்ணாடிக்குப் பின்னால் கலங்கின. உண்மையாகவே கலங்கின. “இதுதான் உங்கள் கதை” என்றாள்.

என் அண்ணன் சண்டையின் கடைசிக் காலத்தில் பெருநிலத்துக்கு வலை வாங்கப் போனவர். வரவில்லை. கண்டோம் என்று சொன்னவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரியாததனாலேயே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டானது. யாரும் இயற்றாத சட்டம். அண்ணனுக்கு மெழுகுதிரி ஏற்றுவதில்லை.

நவம்பரில் மரித்தோர் நாள் வரும். அன்று பின்னேரம் ஊரே சேமக்காலைக்குப் போகும். கல்லறைகள் வெள்ளையடித்துக் கிடக்கும். மணலில் மெழுகுதிரிகள் எரிய, அந்தப் பக்கத்து வானமே மஞ்சளாகும். மச்சாள் மட்டும் வாசற் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பாள். யாராவது வழியில் கண்டு, பாவம் இந்தா என்று ஒரு மெழுகுதிரியைக் கையில் வைத்துவிடுவார்களோ என்ற பயம். அண்ணனின் பிறந்தநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பாள். சுவாமியார் பழக்கதோசத்தில் இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிடக் கூடாதென்று முதல்நாளே அவர் தங்கும் அறைவீட்டுக்குப் போவாள். “சுவாமி, சுகத்துக்கு. ஆத்துமத்துக்கு இல்லை.” அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிகள் கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். போனாள். கதிரையில் இருந்தாள். பேனையை வாங்கினாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்த வீட்டுக்கு வந்துதான் அந்தப் பிள்ளை அண்ணனின் படம் கேட்டாள். மச்சாள் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். நான் அவளை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“மச்சாள், அவ தேடுறதுக்குக் கேக்கேல்லை. மேடையிலை காட்டக் கேக்கிறா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீங்கள்?”

“பெரிய திரையிலை போடுவினமாம். கொழும்பிலை பெரிய பெரிய ஆக்கள் வருவினமாம். அதிலை ஆராவது ஒருத்தர் எங்கையாவது கண்டிருக்க மாட்டினமோ? நீங்கள் சொல்லுங்கோ, மாட்டினமோ?”

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. எத்தனை வருடமாக, வெளியூரிலிருந்து வந்து படம் கேட்டவர்கள் எல்லோரும் தேடுவதற்குக் கேட்டவர்கள். விசாரணை என்றார்கள், ஆணைக்குழு என்றார்கள், பதிவு என்றார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துப் பழகிய கை அது. படம் கேட்பவர் என்றால் தேடுபவர். வேறு எதற்காக ஒரு மனிதன் முன்பின் தெரியாத இன்னொரு மனிதனின் படத்தைக் கேட்பான்?

பயிற்சி தொடங்கியது. வாடிக்குள் நண்டு மேசையை ஒதுக்கிவிட்டு மச்சாளை நிறுத்தினார்கள். கையைக் கட்டாதீர்கள். கண்ணைப் பாருங்கள். ‘என் கணவரைக் காணவில்லை’ என்று சொன்னதும் நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், மௌனம் பேசட்டும். நான் அந்த மௌனத்தையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மச்சாள் அந்த வரியை விடுவிடென்று சொல்லிவிட்டு நண்டுக் கதைக்குப் பாய்ந்துவிடுவாள். மறுபடி நிறுத்துவார்கள்.

“என்னடியப்பா இது, அழுறதுக்கும் கிளாஸோ?” ராத்தா ஓட்டுக் குப்பையைக் கூட்டிக்கொண்டே கேட்டா. “எங்களைக் கேட்டால் நாங்கள் படிப்பிச்சு விடுவமே. வருசக்கணக்கிலை படிச்சிருக்கிறம்.”

“சும்மா இருங்கோ ராத்தா, பிறகு எனக்குச் சிரிப்பு வந்திடும்.”

“சிரி. சிரிச்சாலும் ஐஸ் அறை தருவாங்களோ எண்டு கேள்.”

மச்சாள் அதைக் கேட்கவில்லை; அந்த வரியைத் திரும்பவும் சொன்னாள்.

விழாவுக்கு மச்சாளோடு நானும் ராத்தாவும் சங்கத்துப் பெண்கள் சிலரும் போனோம். கொழும்பு ஹோட்டல் மண்டபத்தின் குளிரில் மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். எங்கள் நண்டுக்குக் கிடைக்காத குளிரெல்லாம் அங்கே வெறும் கதிரைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மற்றச் சங்கங்கள் ஏறி இறங்கின. எங்கள் முறை வந்தது. நான் பக்கத்தில் இன்னொரு ஒலிவாங்கியோடு நின்றேன். அவள் விடியல் வள்ளத்தைச் சொன்னாள், வியாபாரியின் மூக்கைச் சொன்னாள், மண்டபம் சிரித்தது. நன்றாகத்தான் போனது. பிறகு அந்த வரி வந்தது. சொன்னாள். சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினாள்.

விளக்குகள் அணைந்தன.

திரை முழுவதும் அண்ணனின் முகம். கல்யாணத்துக்கு எடுத்த படம், கழுத்துப்பட்டி இறுகி, சிரிப்பதா வேண்டாமா என்ற முகம். படத்தின் கீழே மெல்ல ஒரு மெழுகுதிரி எழுந்தது. சுடர் அசைந்தது. எங்களுக்கு அதுவரை காட்டாமல், ஒரு பரிசைப் போலப் பொத்திவைத்திருந்தாள் அந்தப் பிள்ளை. தொகுப்பாளர் தாழ்ந்த குரலில், எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார். நூற்றுக்கணக்கான கதிரைகள் பின்னுக்கு நகர்ந்த சத்தம், இரைச்சலாய் ஒரு அலை. தலைகள் குனிந்தன.

மச்சாள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை வாயோடு வைத்துக்கொண்டு, மரித்தோர் நாளில் படலையைச் சாத்துகிற அதே உறுதியோடு சொன்னாள்:

“இருங்கோ. எல்லாரும் இருங்கோ. அவர் சாகேல்லை.”

தமிழ் தெரிந்த சிலர் மட்டும் தலையை நிமிர்த்தினார்கள்.

“எழும்பி நிக்க வேண்டாம். வடிவாப் பாருங்கோ. இந்த ஆளை ஆராவது எங்கையாவது கண்டனீங்களோ?”

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் அண்ணன் சாகவில்லை என்பதை இரண்டு மொழிகளில் அந்தக் குளிருக்குள் சொன்னேன். கண்டீர்களா என்று கேட்டேன். மச்சாள் வரிசை வரிசையாக முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். காத்திருந்தாள். யாரும் சொல்லித்தராத மௌனம் அது.

அப்போது கைதட்டினார்கள்.

முதலில் ஒருவர், பிறகு ஒரு வரிசை, பிறகு மண்டபம் முழுவதும். நின்றபடியே தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். கதையின் உச்சம் அது என்று நினைத்தார்கள். எவ்வளவு துணிவு, எவ்வளவு நம்பிக்கை என்று தொகுப்பாளர் சொன்னார். கேட்ட கேள்விக்கு ஒரு ஆள், ஒரேயொரு ஆள், “இல்லையம்மா, காணவில்லை” என்று பதில் சொல்லியிருந்தால் போதும். நான் அந்த மண்டபத்தை மன்னித்திருப்பேன்.

குளிர் அறை எங்களுக்குக் கிடைத்தது. செம்மஞ்சள் மேற்சட்டைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தன. அந்தப் பிள்ளைக்கு ஆண்டின் சிறந்த தொண்டர் என்று ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மச்சாளைக் கட்டி அழுதாள். தன் தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டார் என்றும், ஒவ்வொரு வருடமும் அவருக்கு மெழுகுதிரி ஏற்றுவேன் என்றும், அதனால்தான் என்றும் சொன்னாள். தனக்குத் தெரிந்த அன்பைத்தான் அவள் எங்களுக்குத் திரையில் போட்டாள். அது எங்கள் வீட்டில் சாவு என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

திரும்பி வந்த பஸ்ஸில் ராத்தா சந்தோசத்தில் கடதாசியில் சுற்றிய கடலைச் சரையை ஆளாளுக்கு நீட்டினா. மச்சாள் வெளியே பார்த்தபடி என்னிடம் கேட்டாள்:

“அவை ஏன் கை தட்டினவை?”

மதவாச்சியில் பஸ் நின்றபோது அவளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அறை வந்து இறங்கியது. இரும்புக் கதவு, வெள்ளைச் சுவர், உள்ளே புகை போலக் குளிர். மச்சாள் கனவு கண்டபடியே. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல். மெருகேற்றி, சீமெந்தில் இறுக்கிப் பதித்தது. மேலே கொம்பனியின் சின்னம். கீழே, அமரர் என்று தொடங்கி, என் அண்ணனின் பெயர், நினைவாக. பக்கத்தில் செதுக்கிய ஒரு மெழுகுதிரி. அந்தப் பிள்ளை தன் சொந்தக் கைப்பணத்தில் செய்வித்தது என்று கொண்டுவந்தவன் சொன்னான்.

திறப்புவிழா நடந்தது. மச்சாள் போகவில்லை. வீட்டில் படலையைச் சாத்தியிருந்தாள்.

நான் அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணன் இறந்ததாக எங்கள் வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டாள், கல்லை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள். சொன்னாள்தான் என்று நம்புகிறேன். அதற்குள் அவளை வேறு பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். தொண்டு செய்யும் வருடமும் முடிந்திருந்தது. கொம்பனியில் வேறு யாரோ எங்களுக்குப் பதில் தந்தார்: கல்லோடு எடுத்த படங்கள் தலைமையகத்துக்குப் போய்விட்டன, இயந்திரம் பழுதானால் திருத்த ஆள் வருவது கல்லும் சேர்ந்த அந்த ஏற்பாட்டில்தான், ஆகவே எதையும் மாற்ற வேண்டாம்.

சங்கம் கூடியது. கல்லை உடைப்போமா என்று மச்சாள் கேட்டாள். மேசையின் மூலையில் எப்போதும் பேசாமல் இருந்து உடைக்கிற ஒருத்தி எழும்பினாள்.

“என்ரை மனுசன் செத்தவர். நான்தான் தூக்கிக் கிடத்தினது. அவருக்கு ஒரு கல்லும் இல்லை, ஒரு பேரும் இல்லை. உனக்குச் சும்மா கல்லு வந்திருக்கு, அதையும் வேண்டாமெண்டுறாய். உன்ரை மனுசனுக்காக எங்கட பிள்ளையள் திரும்பவும் அந்த வியாபாரியின்ரை மூக்கைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

அவள் கேட்டதில் பொய் எங்கே இருந்தது? அதுதான் கசப்பு. மருந்தில் இருக்கும் கசப்பல்ல. ஒன்றையும் குணமாக்காத கசப்பு. கொழும்பில் நூற்றுக்கணக்கானோர் கைதட்டிய சோகத்தை, இங்கே இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நுனியில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்தாதான் ஒரு வழி கண்டா. கல்லை மூடி ஒரு கலண்டரைத் தொங்கவிட்டா. “இப்ப ஆருக்கும் தெரியாது, வா புள்ள.” மச்சாள் வந்தாள். கதவடியில் நின்றாள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற காலம். கடற்காற்று கலண்டரைத் தூக்கியது, இறக்கியது. ராத்தா ஓடிப்போய் அதைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றா. மச்சாள் நண்டுச் சதைத் தட்டத்தை அவவின் மற்றக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கொம்பனியின் வருட அறிக்கையில் எங்கள் வாடி வந்திருந்தது. சமூக மாற்றம் என்ற தலைப்பு. மச்சாள் ஒலிவாங்கியோடு நிற்கும் படம். வாய் திறந்திருந்தது. என்ன கேட்டாள் என்பது மட்டும் அங்கே எழுதப்படவில்லை. அறை உண்மையில் நன்றாக வேலை செய்தது. வியாபாரி காலையிலேயே வரத் தொடங்கினான், மரியாதையாகப் பேசினான். பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சாள் பெருநிலத்திலுள்ள பாப்பாமோட்டைக்குப் போக முடிவெடுத்தாள். அங்கே அவளின் தமக்கை வயல் செய்கிறா. நாற்று நடவும் களை பிடுங்கவும் ஆள் வேண்டும். கடலைவிட்டு வேறு வேலைக்குப் போனதே இல்லாதவள், சேற்றுக்குப் போகப் புறப்பட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நானும் ராத்தாவும் நின்றோம். ராத்தா ஒரு பொதியில் இனிப்பு வட்டிலப்பம் கட்டிக்கொண்டு வந்திருந்தா. மச்சாளின் கையைப் பிடித்தவ விடவில்லை.

“என்னோடை கோவமோ?”

“உங்களோடை என்ன கோவம் ராத்தா? நீங்கள் ஒரு கையாலை எவ்வளவு நேரந்தான் காத்தைப் பிடிக்கிறது.”

“அப்ப இருந்திடன். உண்டாக்கினவள் நீ. உனக்கில்லாத அறை எங்களுக்கு என்னத்துக்கு?”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ. அறை வேணும். எனக்கு அந்தக் கதவைத் திறக்க ஏலாமல் கிடக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் நானே அவரைக் கொண்டுபோய் உள்ளுக்கை வைச்சுப் பூட்டுற மாதிரிக் கிடக்கு.”

பஸ் வந்தது. நடத்துநர் கத்தினான். மச்சாள் படியில் ஏறி, பையை மடியில் வைத்து, யன்னலருகே இருந்தாள். ராத்தா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தா.

“எப்ப வருவாய் புள்ள?”

“கல்லைக் கழட்டினால் சொல்லி அனுப்புங்கோ, ராத்தா. அடுத்த பஸ்ஸிலை வாறன்.”